நனைந்தும் முளைக்காத களை விதை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. உழுது தண்ணீர் விட்டதும் களை கிளம்பினால், ஈரம்தான் காரணம் என்கிறோம். ஈரம் மட்டும் போதுமென்றால், ஆழத்தில் நனைந்தே கிடந்த விதை அதுவரை ஏன் உறங்கியது? பல களை விதைகளுக்கு இரவு பகல் வெப்ப ஏற்ற இறக்கமும் வேண்டும். வெயில் படும் வெற்று மேல்மண்ணில் அது அதிகம். பயிர் நிழலிலும் ஆழத்திலும் குறைவு. உழுத மண்ணில் பெருகும் நைட்ரேட் இன்னொரு தூண்டுதல். விதைப் பரிசோதனைக்கூடத்தில் உறக்கம் கலைக்க 20, 30 டிகிரியில் மாற்றி மாற்றி வைப்பதும், 0.2 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைப்பதும் இதே உத்திதான்.

எல்லா விதையும் இதற்கு மசியுமா? மசியாது. தொட்டாச்சிணுங்கியின் கெட்டித் தோலுக்குள் தண்ணீரே புகாது. அதற்குக் கந்தக அமிலமோ வெந்நீரோ வேண்டும். மற்றவற்றை விதைப்புக்கு முன்பே முளைக்கவிட்டு, மேலாகக் கிளறி அழிக்கலாம். ஆழ உழுதால் அடுத்த கூட்டம் மேலே வந்துவிடும்.