போதையும் மருத்துவமும் – 9: ஆல்புகர்க்கியின் வாராந்தரக் கூட்டம்

அபினி வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குக் குடும்ப வைத்தியரே தம் கிளினிக்கில் சிகிச்சை செய்யும் வாய்ப்பு, அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2002இல் புப்ரநார்ஃபின் மருந்துக்குக் கிடைத்த அங்கீகாரத்தாலும் உண்டாயிற்று என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்கினாலொழிய அதை எழுதலாகாது. வாங்கினாலும் முதலில் 30 நோயாளிகளுக்கு மேல் ஏற்கலாகாது. வலிக்கு அபினி மாத்திரைகளை எழுத இப்படி எந்த அனுமதியும் கேட்காத தேசம், அவற்றால் விளைந்த நோயைத் தீர்ப்பதற்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி செய்த விசித்திரத்தை என்னவென்பது! 2022 டிசம்பரில் அந்த விதி ரத்தாயிற்று; ஆயினும் பல வைத்தியர்களின் தயக்கம் ரத்தாகவில்லை.

அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புப்ரநார்ஃபின், மூளையில் அபினி சென்று தங்கும் இடங்களை மற்ற வஸ்துக்களைவிட இறுகப் பற்றிக்கொள்வதும், ஆனால் அவற்றை அரைகுறையாகவே தூண்டுவதுமான இயல்புடையதாகையால், உடம்பில் ஹெராயின் குடிகொண்டிருக்கும்போதே அதைக் கொடுத்துவிட்டால், இருந்ததைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்து, நோயாளியை வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துடிக்க வைத்துவிடும். கொட்டாவியும் வியர்வையும் மயிர்க்கூச்சமும் தோன்றும் வரை பொறுத்திருந்துதான் தொடங்க வேண்டும். ஹெராயினுக்கு அரை நாள் பொறுத்தால் பெரும்பாலும் போதும். உடற்கொழுப்பில் தங்கி மெல்லக் கசியும் ஃபென்டனில் என்னும் செயற்கை அபினியிடம் அந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது. ஒரு முறை அவ்வாறு துடித்தவர் அந்த மருந்தையே நம்பாமல் போகக்கூடும். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஒருவரும் இல்லாத சிற்றூர் வைத்தியர் தயங்காமல் என்ன செய்வார்?

இந்தத் தனிமைக்கு ஒரு நிவர்த்தி, சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இந்தியாவில் பிறந்து, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நிபுணராக விளங்கிய சஞ்சீவ் அரோரா, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் ஆல்புகர்க்கி நகருக்கு வந்து தம்மைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பதைக் கண்டு, 2003இல் எக்கோ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் ஊர் வைத்தியர்கள் வீடியோ வழியே கூடுவார்கள்; ஒருவர் தம் நோயாளியின் வரலாற்றைப் பெயர் கூறாமல் எடுத்துரைக்க, நிபுணர்கள் ஆலோசனை சொல்ல, ஏனையோர் கேட்டுக் கற்பார்கள்; சிகிச்சைப் பொறுப்பு மட்டும் கடைசிவரை ஊர் வைத்தியருடையதே. 407 நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவின்படி, பல்கலைக்கழகத்தில் குணமடைந்தோர் 57.5 சதவீதம்; சிற்றூர்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம்.

அம்முறை பின்னர் போதை நோய்க்கும் பரவியது. நமது பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் அதைக் கைக்கொண்டு, சத்தீஸ்கரின் உள்மாவட்ட ஆலோசகர்களுக்குப் பயிற்சி அளித்தது. இதன் குறை ஒன்றையும் மறைப்பதற்கில்லை. பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று ஊதியம் கணக்கிடப்படும் ஏற்பாட்டில், கூட்டத்தில் அமர்ந்திருக்கும் வைத்தியருக்கு அந்த நேரம் நஷ்டமே. அதை யார் ஈடுசெய்வது என்பதில் அமெரிக்க மாநிலங்கள் வெவ்வேறு வழிகளைக் கையாண்டிருக்கின்றன. வெர்மான்ட் மாநிலம் கண்ட வழியை அடுத்த வாரம் பார்க்கலாம்.