பழி முட்டைகோஸுக்கு, முட்டை விரல் நகத்தில்

முட்டைகோஸ் சாப்பிட்டால் மூளைக்குள் புழு புகுந்துவிடும் என்ற செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓய்வதே இல்லை. கூடவே ஒரு ஸ்கேன் படம், நெளியும் புழுவின் வீடியோ. அதைப் பார்த்து மிரண்டு, கோஸ் பொரியலையே தலைமுழுகிய வீடுகள் உண்டு. சைவம்தானே, நமக்கென்ன என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளும் உண்டு. சமைப்பவரும் பரிமாறுபவரும் கழிவறையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்களா என்ற கேள்வி மட்டும் இரண்டு வீட்டிலும் எழுவதில்லை.

1990, 1991-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் நடந்ததை இவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் உறவில்லாத குடும்பங்களைச் சேர்ந்த நான்கு யூதர்கள் வலிப்பு நோயுடன் மருத்துவர்களிடம் வந்தார்கள். சமய ஆசாரம் வழுவாதவர்கள். பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள். ஆனால், அவர்கள் மூளையில் இருந்தவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள். துருவிப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் நாடாப்புழு பரவியிருக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் வீட்டு வேலை செய்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது பரிசோதனையில் உறுதியானது. அந்தப் பணியாளரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. நாடாப்புழுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது.

இந்தப் புழுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. குழப்பமெல்லாம் அவற்றை ஒன்றாக்குவதால் வருவது. கட்டியுள்ள பன்றி இறைச்சியை வேகவைக்காமல் தின்றவருக்குக் குடலில் புழு வளரும். சில மீட்டர் நீளம் வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் தங்கும். அதன் கடைசிக் கண்ணிகள் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு கண்ணியில் சுமார் 50,000 முட்டைகள் வரை இருக்கும். அந்த முட்டை கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால், உள்ளே பொரித்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ போய்க் கட்டியாக உட்காரும். ஆக, பன்றிக்கறி தின்றவர் புழுவைச் சுமக்கிறார். அவர் கழுவாத கையால் தொட்டதைத் தின்றவர் மூளையில் கட்டியைச் சுமக்கிறார். தன் கையாலேயே தனக்கு முட்டையைக் கொடுத்துக்கொண்டு, இரண்டையும் சுமப்பவரும் உண்டு.

முதல் வழியை நிரூபித்த விதம் இன்று கேட்டாலும் கூசவைக்கும். 1855-இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர், மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் கட்டியுள்ள பன்றி இறைச்சியை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் உடலை அறுத்துப் பார்த்தபோது குடலில் குட்டி நாடாப்புழுக்கள் இருந்தன.

இரண்டாம் வழியில் வரும் நோயின் போக்கு புரிவதற்கு இந்தியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் காரணமானார்கள். நாடு திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்கு வலிப்பு வந்தது. மனநோய், நடிப்பு என்றெல்லாம் முத்திரை குத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். 1930-களில் ராணுவ மருத்துவர்கள் இதைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்க, பின்னாளில் அந்தக் கணக்கு 450 பேரை எட்டியது. முட்டை உள்ளே போன நாளுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடலாம் என்பது இவர்களால்தான் தெளிவானது. உயிரோடிருக்கும் கட்டி பல நேரம் சும்மா கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொண்டு எதிர்க்கும், மூளை வீங்கும், வலிப்பு வரும்.

இந்த நோய் தமிழகத்துக்குப் புதிதல்ல. வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் பிரேதப் பரிசோதனையில் இந்தக் கட்டிகளைக் கண்டதாக 1888-இல் சென்னையிலிருந்து ஒரு பதிவு உண்டு. இந்திய மருத்துவ வரலாறு இதையே முதல் பதிவாகக் குறிப்பிடுகிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் வேறு சிக்கல். வலிப்போடு வந்தவர்களின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பது இந்தியாவெங்கும் வழக்கமாக இருந்தது. வேலூர் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்த வளையங்களை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகள். 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சிகிச்சையின் போக்கையே மாற்றியது. பல கட்டிகள் சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடுகின்றன என்பதும் தெரிந்தது. தேவையற்ற மாத்திரைகளிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வேலை அது.

பின்னர் வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தக் கட்டிதான். தடுத்திருக்கக்கூடிய வலிப்பு. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, மந்திரித்து, பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகுமே என்று மூடிமறைத்து, எத்தனை குடும்பங்கள் இதோடு போராடியிருக்கும்!

பன்றி வளர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும், பன்றிக்குத் தடுப்பூசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது, நல்லதுதான். பெரு நாட்டின் தும்பஸ் பகுதியில் 107 ஊர்களில் 105-இல் நோய் பரவுவதை நிறுத்திக் காட்டினார்கள். ஆனால், அங்கேயும் பன்றியோடு மனிதர்களுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தார்கள்.

மனிதரைத் தேடும் அந்த வேலைதான் இங்கே விட்டுப்போகிறது. வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள், மாத்திரை எழுதுகிறார்கள், கோஸை ஒதுக்கிவிட வீட்டார் முடிவெடுக்கிறார்கள். முட்டை யாரிடமிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? வீட்டில் ஒருவர் தினமும் முட்டையை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். விடுதிச் சமையற்காரராக, கல்யாணப் பந்தியில் பரிமாறுபவராக, டீக்கடையில் வடை எடுத்துத் தருபவராக அவர் இருக்கலாம். தண்ணீர் வராத, சோப்பு வைக்காத கழிவறையைக் கொடுத்துவிட்டு அவரிடம் சுத்தத்தை எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்கு முதலில் தேவை குழாயில் தண்ணீர்.

பள்ளிகளில் தரும் குடற்புழு மாத்திரை போதுமே என்று தோன்றலாம். அது பிள்ளைகளுக்கானது, உருண்டைப் புழு, கொக்கிப் புழு போன்றவற்றைக் குறிவைத்து ஒரே வேளை தருவது. சமைக்கும் பெரியவர் அந்த வரிசையில் நிற்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி விழுங்குவதிலும் ஆபத்து உண்டு. மூளையில் தெரியாமல் கிடக்கும் கட்டிகளை அல்பென்டசோல், பிராசிகுவான்டல் போன்ற மருந்துகள் கொல்லும்போது வீக்கம் கூடி வலிப்பு வந்துவிடலாம். அதனால்தான் மூளைக் கட்டிக்கு மருந்து கொடுக்கும்போது மருத்துவர்கள் ஸ்டீராய்டையும் சேர்க்கிறார்கள்.

மூளையில் கட்டி இருப்பது உறுதியான உடனே, மலப் பரிசோதனைக்கான டப்பியை நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு முறை பார்த்துத் தெரியாவிட்டால் மறுபடியும் பார்க்க வேண்டும். நுண்ணோக்கிக்கு இந்த முட்டை எளிதில் அகப்படாது. மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு தென்பட்டதா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். புழு இருப்பது தெரிந்துவிட்டால் சிகிச்சை எளிது. நிக்ளோசமைடு ஒரே வேளை கொடுத்தால் பெரும்பாலும் புழு செத்துவிடும். குடலிலிருந்து அந்த மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால், மூளையில் கட்டி இருந்தாலும் அதைச் சீண்டாது.