தோளில் தொடங்கும் ஆர்வம்

சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவிலிலிருந்து புறப்படும் அழகர் வைகைக்கு வரும்போது, குழந்தைகள் தந்தையின் தோளில் அமர்ந்து அக்காட்சியைக் காண்கின்றனர். அங்கு எவரும் பாடம் நடத்துவதில்லை. குடும்பத்தோடு நிற்பதாலேயே ஈடுபாடு பிறக்கிறது. விளையாட்டின்மீது கொள்ளும் பற்றும் அத்தகையதே.

கால்பந்தைப் புதிதாகக் காண்பவரின் கண் பந்தை மட்டுமே பின்தொடரும். பள்ளித் திடலில் ஆடிப் பழகியவருக்கோ, பந்தின்றி ஓடும் ஆட்டக்காரர் தம் அணிக்கு உருவாக்கித் தரும் இடைவெளியும் புலப்படும். பிள்ளை ஆடுவதைக் காண எல்லைக்கோட்டருகே நிற்கும் பெற்றோரும் நாளடைவில் விதிகளை அறிந்து ஆர்வலராகின்றனர். இவ்வாறு ஆர்வம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கும் செல்கிறது.

2018ஆம் ஆண்டு கட்டாக்கில் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று, முதன்முறையாகத் தேசிய வாகையர் பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டு லூதியானாவில் நடைபெற்ற இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டியில், மதுரையின் சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்றது. இவ்விரு அணிகளிலும் ஆடிய கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர்.

எனினும், பல ஊர்களில் மாலைநேரத் திடல் இன்றும் சிறுவர்களுக்கே உரியதாக உள்ளது. ஆட வாய்ப்பற்ற சிறுமிக்கு ஆட்டத்தின் நுட்பமும் எட்டாமற்போகிறது. அழகரைக் காண மகனையும் மகளையும் ஒருங்கே தோளில் ஏற்றும் குடும்பம், விளையாட்டுத் திடலுக்கும் இருவரையும் ஒருங்கே அழைத்துச் செல்லுதல் வேண்டும்.