கூரை ஏன் மூட மறுக்கிறது?

சைனாடவுனில், மாரியம்மன் கோயிலைத் தாண்டி, கூரை திறந்த காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென மழை. ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார், கூரை அசையவில்லை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் இது சிறிய தொல்லை அல்ல. கோளாறு எங்கே?

பொத்தான் கூரையை நேரடியாக இயக்குவதில்லை. அது ஒரு சிறு கணினியிடம் அனுமதி கேட்கிறது. காரின் பின்பெட்டி மூடியிருக்கிறதா? அதற்குள் இருக்கும் தடுப்பு சரியான இடத்தில் உள்ளதா? பேட்டரியில் போதிய மின்னழுத்தம் உண்டா? வேகம் வரம்புக்குள் இருக்கிறதா? மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் காரில் அந்த வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். அண்மைய பிஎம்டபிள்யூ இசட்4 காரில் 50. ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும் கூரை நகராது.

எனவே முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பல கார்களில் கூரையைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். பம்பின் ஓசையே இல்லையென்றால், மின்சாரத்தையோ அனுமதியையோ சந்தேகிக்கலாம். பின்பெட்டியில் திணித்த ஒரு பை தடுப்பை நகர்த்தியிருந்தால்கூடப் போதும். ஓசை கேட்டும் கூரை அசையாவிட்டால், எண்ணெய் கசிந்திருக்கலாம். பாஸ்கல் விதிப்படி, அடைபட்ட திரவம் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும். ஆனால் குழாயில் காற்று புகுந்தால் அந்தக் காற்றுதான் சுருங்கும். கூரைக்கு விசை போய்ச் சேராது.

பாதியில் நின்ற கூரையை இழுக்காதீர்கள், அதன் இடுக்கில் விரலை வைக்காதீர்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அது சட்டென்று இறங்கிவிடும். கையால் மூடும் முறை இருந்தால், அது காரின் கையேட்டில் இருக்கும். அதைப் பெரியவர்கள் படித்துச் செய்யட்டும்.