சிறுதானியத்துக்கு மாறியும் தொப்பை குறையவில்லையா?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் இப்போது தினை, சாமை, வரகு பாக்கெட் இல்லாத மளிகைக் கடையைப் பார்ப்பது அபூர்வம். 'அரிசியை விட்டாச்சுங்க, ராத்திரிக்குச் சாமைச் சோறுதான்' என்று சொல்லும் வீடுகளும் அதிகம். ஆனாலும், சிலருக்கு இடுப்பளவும் குறைவதில்லை, சர்க்கரையும் இறங்குவதில்லை. என்ன காரணம்?

இதற்கான விடை, 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வில் இருக்கிறது. நாடு முழுக்க 18,090 பேரின் உணவுப்பழக்கத்தை ஆராய்ந்ததில், இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது. தீட்டிய அரிசி, மைதாவுக்குப் பதிலாக முழுக்கோதுமை அல்லது சிறுதானிய மாவுக்கு மாறியவர்களுக்கும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை, நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் பொருள்கள், முட்டை, மீன் போன்ற புரதத்தைச் சேர்த்தவர்களுக்கே அபாயம் குறைவாக இருந்தது.

அதற்காகச் சிறுதானியம் வீண் என்று அர்த்தமில்லை. அதில் நார்ச்சத்து உண்டு. ராகியில் கால்சியமும் அதிகம். ஆனால், அதுவும் மாவுச்சத்துதான். கம்பஞ்சோறும் ராகிக்களியும் வயிறு நிறையச் சாப்பிட்ட அந்தக் காலத்துக் கொங்கு விவசாயி, பொழுது சாயும்வரை காட்டில் உழைத்தார். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அதே அளவு களி கூடுதல்தான்.

ரசம் மட்டும் போதாது!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி, ரசத்தை மட்டும் குடிப்பவர்கள் உண்டு. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அது பெரும்பாலும் பயறில்தான் இருக்கிறதே தவிர, வேகவைத்த தண்ணீரில் இல்லை. எனவே, கொள்ளைக் கடைந்தோ, பொரியல் செய்தோ சாப்பிட வேண்டும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சைக்கும் இதுவே பொருந்தும். அரிசிம்பருப்பு சாதம் செய்யும்போது அரிசியைக் குறைத்து, பருப்பைக் கூட்டலாம்.

தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பயறு, முட்டை அல்லது மீன், மீதி கால் பங்கில் சோறோ களியோ என்பது நினைவில் வைக்க எளிதான கணக்கு. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை பக்கத்திலேயே இருப்பவர்களுக்குக் காய்கறிக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை போட்ட காபி, மாலை நேர பேக்கரி பலகாரம் இரண்டையும் குறைத்தால், பலன் இன்னும் சீக்கிரம் தெரியும்.

எடை மெஷினோடு இன்ச் டேப்பும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ-க்கு மேல் இருந்தால், ரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதிப்பது அவசியம். ஒல்லியான கை கால்களோடு தொப்பை மட்டும் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கவனம் தேவை!

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், சோற்றைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. இந்த இரு தரப்பினரும் மருத்துவரிடம் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும். மற்றவர்கள் இன்று இரவே ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டிப் பயறைச் சேர்க்கலாம்.