மின்வழங்கிப் பெட்டியில் ஒரு வட்டத் துளை

பற்றறிக்குத் தடை இருந்த போர்க்காலத்தில் வன்னிச் சனம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. 2016இல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் வந்தது. மின்னணுவியல் பழகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மேசையில் ஒரு மின்வழங்கி. கழித்துவிட்ட கணினியின் மின்வழங்கிப் பெட்டியிலிருந்தே அதைச் செய்யலாம்: செம்மஞ்சள் வயரில் 3.3 வோல்ற், சிவப்பில் 5, மஞ்சளில் 12. பச்சை வயரை ஒரு சுவிச் வழியாகக் கறுப்போடு சேர்த்தால் இயங்கத் தொடங்கும். இதுவரை சுலபம். முனையங்களுக்கும் சுவிச்சுக்கும் தகட்டில் துளை போடும்போதுதான் வேலை கெடுகிறது.

சாதாரண ட்றில் அலகின் நுனி 118 பாகைக் கூம்பு. 12 மில்லிமீற்றர் அலகில் அந்தக் கூம்பின் உயரம் மட்டும் மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல். பெட்டித் தகடோ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். வெட்டும் விளிம்பு முழு அகலத்துக்கும் பதியுமுன்பே நுனி மறுபக்கம் போய்விடும். பிடிமானம் இழந்த அலகு அலைந்து, வட்டத்துக்குப் பதில் முக்கோணம் போல ஒன்றை வெட்டும். சிலவேளை தகடே அலகோடு சுழன்று கையைக் கிழிக்கும். ஆகவே அடியில் மரப்பலகை வைத்துக் கிளாம்பால் இறுக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

இதற்கென்றே உள்ளது ஸ்டெப் ட்றில். படிப்படியாய் அகலும் கூம்பு அது. ஒரு படி வெட்டிய துளையே அடுத்த படியை நடுவில் பிடித்துக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் வாங்கலாம். இல்லாதவர் சிறிய துளை போட்டு உருண்டை அரத்தால் பெருப்பிக்கவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

தகட்டில் ரேப் ஒட்டிக் குறியுங்கள். சென்ரர் பஞ்சால் ஒரு தட்டு; பிறகு 3 மில்லிமீற்றர் அலகு; அதற்குப் பின்தான் பெரியது. முனைய மையங்களுக்கிடையே 19 மில்லிமீற்றர் விட்டால் இரட்டைப் பனானா பிளக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறக்குமுன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கக்கூடும். தெரிந்த ஒருவரை வைத்து, மீற்றரால் அளந்து, இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கைவையுங்கள். சுற்றுப்பலகையை வெளியே எடுக்காமல் துளைக்கவே கூடாது. உள்ளே விழும் ஒரு இரும்புச் சீவலே அதை எரித்துவிடும். சிவப்பு, மஞ்சள் முனையங்கள் தகட்டைத் தொடவில்லை என்றும் மீற்றரில் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது பெட்டியின் பச்சை-மஞ்சள் எர்த் வயரை மறவாமல் இறுக்கி, எர்த் உள்ள மூன்று முள் பிளக்கிலேயே செருகுங்கள்.