நீலம் பாய்ந்தால் அரிவாள் கூர் நிற்காது!

புதிதாக வாங்கிய அரிவாள் இரண்டு கட்டு தீவனப்புல் அறுப்பதற்குள் மழுங்கிவிடுகிறது. அப்பா காலத்து அரிவாளோ இன்னும் நன்றாக வெட்டுகிறது. 'அந்தக் காலத்து இரும்பு அப்படி' என்று பலரும் சொல்வது பாதிதான் உண்மை.

ஜன்னல் கம்பி, கிரில் வேலைக்குப் பயன்படும் மெல்லிரும்பில் கரிச்சத்து சுமார் 0.25 சதவிகிதத்துக்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் வாய் கெட்டிப்படாது. லாரி வில் பட்டையில் கரிச்சத்து சுமார் 0.5 முதல் 0.6 சதவிகிதம். கொல்லர்கள் பழைய பட்டையைத் தேடி வாங்குவது அதனால்தான்.

பட்டை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, தோய்ச்சல் சரியாக அமைய வேண்டும். வெட்டும் வாயைச் செக்கச் சிவக்க, ஏறக்குறைய 800 டிகிரி வரை காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குகிறார்கள். அப்போது அது கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டிருக்கும்; கல்லில் பட்டால் வாய் பெயர்ந்துவிடும். எனவே மறுபடி லேசாகச் சூடு காட்டி, புல் அறுக்கும் அரிவாளை வைக்கோல் நிறத்திலும், மரம் வெட்டும் அரிவாளைப் பழுப்பு நிறத்திலும் நிறுத்துகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பதத்தை, சந்தையில் மின்சாரச் சாணை சில நொடிகளில் இறக்கிவிடுகிறது. பொறி பறக்க அழுத்திப் பிடித்தால், மெல்லிய வாய் 300 டிகிரியைத் தொட்டு நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் கூர் நிற்காது. பிறகு தண்ணீரில் முக்கினாலும் போன பதம் திரும்பாது. சாணைக்காரர் அவசரப்பட்டாலும், அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொல்ல வேண்டும். வீட்டில் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினால் இந்தப் பயமே இல்லை. பல் வைத்த கதிர் அரிவாளைச் சாணையில் காட்டவே கூடாது. மழுங்கினால் கொல்லரிடம் கருக்குப் போட வேண்டும்.

மண்வெட்டிக்கு இவ்வளவு கெட்டி தேவையில்லை. கல்லும் வேரும் மோதும் கருவி. உடைவதைவிட வளைவதே மேல்.

வாங்கும்போது வாயின் ஓரத்தில் ஓர் அரத்தை லேசாக இழுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அரம் சுலபமாக இறங்கினால் மெல்லிரும்பு அல்லது தோய்ச்சல் இல்லாதது. அறவே கடிக்காமல் வழுக்கினால் மிகக் கெட்டி. தயங்கித் தயங்கிக் கடித்தால் வாங்கலாம்.

நீலம் பாய்ந்த அரிவாளைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். கொஞ்சமாக நீலம் ஏறியிருந்தால் அந்தப் பகுதியைக் கல்லில் தேய்த்து எடுத்துவிடலாம். வாய் முழுக்க ஏறியிருந்தால் கொல்லரிடம் மறுதோய்ச்சலுக்குக் கொடுக்கலாம். மரப்பிடியைக் கழற்றிவிட்டுக் கொடுப்பது நல்லது. உலைச் சூட்டில் கருகிவிடும்.